எலும்பும் மின்சாரமும்

காலெலும்பு முறிந்த தொழிலாளிக்கு ஆஸ்பத்திரியில் உலோகத் தகடு வைத்துத் திருகாணி பூட்டுகிறார்கள். எலும்பு கூடிய பின்னர், சிலருக்கு அத்தகட்டை எடுக்க மீண்டும் ஒரு ரண சிகிச்சை, மீண்டும் படுக்கை, மீண்டும் வேலையிழந்த நாட்கள். தன் பணி முடிந்ததும் தானே கரைந்தொழியும் கருவியை உடலுக்குள் வைத்தல் இயலாதா? விஞ்ஞானிகள் இதற்கு விடை தேடி வருகின்றனர். அத்தேட்டத்தின் சரித்திரம் 1880-ம் ஆண்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டில் பாரிஸ் நகரத்துச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும், சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்சாரம் தோன்றுதலைக் கண்டனர். பெரட்டுக்கு நேரங் காட்டும் நம் கைக்கடிகாரத்துள் இன்று துடிப்பது அவர்கள் ஆராய்ந்த குவார்ட்ஸ் கல்லே. அவர்கள் சோதித்த பண்டங்களுள் கரும்புச் சர்க்கரையும் ஒன்று. அதே காலத்தில் புரொவின்ஸ் வெல்லெஸ்லியில் நம் முன்னோர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். தம் கையிற்பட்ட பண்டத்துள் இத்தகைய குணம் ஒளிந்திருந்ததை அவர்களுக்கு எடுத்துரைப்பார் யாருமிலர்.

பின் வந்தோர் வலிமையையே நாடினர். முதல் உலகப் போரில் லாஞ்ஜவென் என்னும் பிரெஞ்சு அறிஞர் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியக் குவார்ட்ஸைப் பயன்படுத்தினார். 1950-களில் ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் சேர்ந்த பீங்கான் வகை தோன்றியது. அதன் ஆற்றல் பெரிது; ஆயின் ஈயம் நஞ்சு. உடலுக்குள் கரையவிடத் தக்க பொருளன்று அது.

வேறொரு வழியை ஜப்பானியர் இருவர் திறந்தனர். ஒருவர் எலும்பு வைத்தியர் இவாவோ யசுதா; மற்றவர் பௌதிக அறிஞர் எயிச்சி புக்காடா. உலர்ந்த எலும்பை அழுத்தினும் மின்சாரம் பிறக்கின்றது என 1957-ல் இவர்கள் வெளியிட்டனர். உயிரற்ற எலும்பிலும் அது தோன்றியதால், அதற்குக் காரணம் உயிரணுக்கள் அல்ல, கொல்லாஜென் என்னும் நார்ப்பொருளே என்று கொண்டனர். உழைக்கும் எலும்பு தடிக்கும், படுக்கையிற் கிடப்பவன் எலும்பு மெலியும் என்பது வைத்தியர் முன்னரே அறிந்த உண்மை. இதில் அம்மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் அறிஞர் ஒருமித்தாரில்லை.

புக்காடா அத்துடன் நின்றாரில்லை. மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலத்திலும் அக்குணத்தை அவர் ஆராய்ந்தார். அதன் மூலக்கூறுகள் ஒரே பக்கமாக முறுக்குண்ட சங்கிலிகள். இழுத்து அவற்றை ஒருமுகமாக நிறுத்தினால், அழுத்தத்திற்கு மின்சாரம் தரும். ஈயப் பீங்கானை நோக்க அதன் ஆற்றல் பல பத்து மடங்கு குறைவு. ஆயினும் உடலின் நீரில் மெல்லச் சிதைந்து, முடிவில் நீரும் கரியமில வாயுவுமாய்ப் போய்விடும். அதுவே அதன் பெருமை.

அமெரிக்காவின் கனெக்டிகட் சர்வகலாசாலையார் 2018-ல் இப்பொருளால் அழுத்தமானி ஒன்று செய்து, எலியின் வயிற்றினுள் வைத்து அதன் மூச்சுத் தசையின் அசைவை அளந்தனர். 2021-ல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையார் கிளைஸின் என்னும் எளிய அமினோ அமிலத்தைக் கொண்டு மெல்லிய படலம் செய்தனர். 2022-ல் கனெக்டிகட்டார் மூட்டுக் குருத்தெலும்பு கெட்ட முயல்களின் முழங்காலில் பாலிலாக்டிக் நார்வலையைப் பொருத்தி, ஓய்வுக்குப்பின் அவற்றை நடைபயில வைத்தனர். நடையின் அழுத்தமே மின்சாரமாகிக் குருத்தெலும்பு வளர்ந்தது. நடவாத முயல்களில் அவ்வாறு வளரவில்லை.

எனினும் இது முயலின் முழங்கால், மனிதனுடையதன்று. மின்சாரக் காப்பு, மின்சாரப் பட்டை என்று கூவி விற்போர் இச்செய்தியைத் தமக்குச் சாட்சியாக்கக் கூடும். அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதனை எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்? நடவாத முயலையும் உடன்வைத்து ஆராய்ந்தவன் விஞ்ஞானி. அக்கேள்விக்கு விடை கூறாதவனிடம் நம் உழைப்பின் காசைக் கொடாதிருப்போமாக.