மர மணிக்கூடும் மனித உழைப்பும்

மணிக்கூடு என்றதும் பித்தளைச் சில்லுகளும் உருக்கு வில்லுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், காலத்தை அளக்கும் கருவியைச் சாதாரண மக்களின் குடிசைக்குள் முதன்முதலாகக் கொண்டு சென்றது உலோகமன்று, மரமே. அதனைச் செய்தவர்களும் அரசவைக் கம்மியரல்லர்; தச்சரும் உழவருமே. நடைமுறைத் தேவைக்குப் பயன்பட்ட முதலாவது தானியங்கு பொறி மணிக்கூடே என்று 1863 ஜனவரியில் ஏங்கல்சுக்கு எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ் குறிப்பிட்டார். பொறித்தொழிலின் தாய்களுள் ஒன்றான இக்கருவி வீட்டுப் பட்டறைகளில் எவ்வாறு வளர்ந்தது, பின்னர் யாருடைய கைக்குச் சென்றது என்பதை நாம் அறிதல் வேண்டும். உழைப்பின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான அத்தியாயமாகும்.

மரத்தால் மணிக்கூடு செய்வது எளிதன்று. கயிற்றில் தொங்கும் பாரம் சில்லைச் சுழற்றுகிறது. அச்சுழற்சி கட்டற்று ஓடாதபடி, ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல்லாகத் தடுத்து விடுவிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவுதான் அதன் தத்துவம். ஆனால் மரம் ஈரத்தில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். அதுவும் நாரின் நெடுக்கில் மிகச் சிறிதாகவும் குறுக்கில் கூடுதலாகவும் மாறும். ஒரே பலகையில் வட்டச் சில்லை வெட்டினால் சில பற்களில் நார் நெடுக்காகவும், வேறு சிலவற்றில் குறுக்காகவும் அமையும். நார் குறுக்கே ஓடும் பல் முறிந்துவிடும். இச்சிக்கலை நூல்கள் தீர்க்கவில்லை. மரத்தோடு வாழ்ந்தவர்களின் கைகளே தீர்த்தன.

இங்கிலாந்தின் ஜோன் ஹரிசன் இதற்குத் தக்க சான்று. 1693இல் யோர்க்சயரில் பிறந்து, லிங்கன்சயரில் ஹம்பர் ஆற்றங்கரைக்கு அணித்தான பரோ என்னும் கிராமத்தில் வளர்ந்த அவர் தொழிலால் தச்சர். மணிக்கூட்டுத் தொழிலாளர் எவரிடமும் முறைப்படி பயின்றவரல்லர். 1713இல், தமது இருபதாவது வயதில், ஓக் மரச் சில்லுகளைக் கொண்ட உயரமான மணிக்கூடொன்றைச் செய்து முடித்தார். பற்களைச் சிறு துண்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நார் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுமாறு சில்லின் விளிம்பில் பொருத்தினார். 1722ஆம் ஆண்டளவில் பிரொக்கில்ஸ்பி பூங்காவில் அவர் அமைத்த கோபுர மணிக்கூட்டில் அச்சு தாங்கும் இடங்களுக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த, இயல்பாகவே எண்ணெய்ப் பசையுள்ள வைரமரமொன்றைப் பயன்படுத்தினார். ஆதலால் அதற்கு எண்ணெயிட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அக்காலத்து எண்ணெய் விரைவில் தடித்து மணிக்கூட்டை நிறுத்திவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம், கடலில் நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் கணிக்கும் வழி காண்பவருக்கு 20,000 பவுண் பரிசு அறிவித்தது. இதனை அறிவியல் ஆர்வம் என்று மட்டும் கொள்ள இயலாது. குடியேற்ற நாட்டு வணிகத்தின் கப்பல்கள் திசை தவறாமல் செல்லவேண்டும் என்பதே அதன் உந்துதல். ஹரிசன் 1735இல் நிறைவாக்கிய முதற் கடல் மணிக்கூட்டிலும் மரச் சில்லுகள் இருந்தன. 1759இல் முடித்த நான்காவது கருவி, உலோகத்தாலான பெரிய கைக்கடிகாரம் போன்றது. 1761இல் ஜமெய்க்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் 81 நாள்களில் அது ஐந்து விநாடியளவே பிந்தியது. ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் கரும்பு விளைந்த தீவே அந்தச் சோதனையின் எல்லையாக இருந்தமை தற்செயலன்று.

நிபந்தனை நிறைவேறியும் பரிசு முழுமையாகக் கிடைக்கவில்லை. வானியலாளர் செல்வாக்குப் பெற்றிருந்த நெடுங்கோட்டுச் சபை புதிய நிபந்தனைகளை விதித்தது. கருவியின் இரகசியங்களை வெளியிட்ட பின்னரே 1765இல் 10,000 பவுண் வழங்கியது. 1773இல், எண்பது வயதில், பாராளுமன்றத்தின் தலையீட்டால் அவர் மேலும் 8,750 பவுண் பெற்றார். மூன்று ஆண்டுகளின் பின் இறந்தார். கையால் உழைப்பவனிடம் அறிவு பிறக்கலாம் என்பதை ஏற்க அக்காலக் கற்றோருக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஹரிசன் தனியொருவர். ஜேர்மனியின் கருங்காட்டிலோ ஒரு மக்கட் கூட்டமே இத்தொழிலில் ஈடுபட்டது. தென்மேற்கே உயர்ந்த மலைப்பகுதியான அங்கு பண்ணை பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குச் செல்வதே வழக்கம். ஏனைய பிள்ளைகளுக்கு நிலமில்லை, பனிக்காலமோ நீண்டது. நிலமற்ற அம்மக்கள் காட்டுமரத்தை நம்பினர். 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் செய்த முதல் மணிக்கூடுகளில் சில்லும் சட்டமும் மரம், பாரம் வெறும் கல், ஊசலுக்குப் பதிலாகக் கிடையாக ஆடும் ஒரு கோல், நிமிடமுள் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பற்களைச் சமமாக வெட்டும் எளிய பொறிகளும் ஊசலும் வந்துசேர்ந்தன. ஒருவர் சட்டம் செய்ய, இன்னொருவர் சில்லு வெட்ட, வேறொருவர் முகப்புப் பலகை இழைக்க, பெண்கள் அதில் பூக்களைத் தீட்ட, ஊர்முழுதும் ஒரு பட்டறையாயிற்று. முதுகில் சட்டப்பொதி சுமந்த வியாபாரிகள் ஐரோப்பாவின் தொலைதூர நாடுகளுக்கும் கால்நடையாகச் சென்று அவற்றை விற்றனர். விலை மலிவாகையால் ஏழையின் சுவரிலும் மணிக்கூடு தொங்கியது.

எனினும், பட்டறை தமது வீட்டில் இருந்தமையால் அவ்வுழைப்பாளர் சுதந்திரர் என எண்ணுதல் தவறு. மணிக்கூடுகளைச் சேகரித்து அனுப்பிய வணிகர் மூலப்பொருளைக் கடனாக வழங்கினர். கூலியைப் பல சமயம் பண்டங்களாகக் கொடுத்தனர். கருவி உழைப்பவனுடையது, சந்தையோ வணிகனுடையது. வீட்டுக் கைத்தொழில் எங்கும் இந்த முரண்பாட்டைக் காண்கிறோம்.

அட்லாந்திக்குக்கு அப்பால் இம்முரண்பாடு வேறு வகையில் முதிர்ந்தது. கனெற்றிக்கட் மாநிலத்தில் எலி டெரி என்பவர், தொடக்கத்தில் ஒரு சில மணிக்கூடுகளைச் செய்து, தாமே குதிரையில் கொண்டு சென்று விற்றவர். 1807ஆம் ஆண்டளவில், மூன்றாண்டில் 4,000 மர இயந்திரங்களைச் செய்து கொடுக்க அவர் ஒப்பந்தம் செய்தார். முதலாண்டு முழுவதையும் நீராற்றலால் இயங்கும் வெட்டுப்பொறிகளை அமைப்பதிலேயே கழித்தார்; இரண்டாம் ஆண்டில் ஆயிரமும், மூன்றாம் ஆண்டில் எஞ்சிய மூவாயிரமும் நிறைவேறின. செரி மரச் சில்லு எந்த மணிக்கூட்டுக்கும் பொருந்தியது. ஒன்றோடொன்று மாற்றத்தக்க உறுப்புகளைக் கொண்ட பெருந்தொகை உற்பத்தியின் முன்னோடிகளுள் இது ஒன்று. ஆனால் பொறி வந்ததும் மரத்தின் காலமும் முடிவை நெருங்கியது. 1840களில் உருட்டிய பித்தளைத் தகட்டிலிருந்து அமெரிக்கர் செய்த மலிவான மணிக்கூடுகள் கடல் கடந்து ஐரோப்பியச் சந்தையிலும் குவிந்தன.

கருங்காட்டு வீட்டுப் பட்டறைகள் தடுமாறின. பாடன் அரசு 1850இல் ஃபுர்ட்வாங்கனில் மணிக்கூட்டுப் பள்ளியை நிறுவிற்று. தொழிலறிவை வளர்த்தால் குடிசைத் தொழில் பிழைக்கும் என்பது நம்பிக்கை. எனினும் 1861இல் ஷ்ராம்பெர்க்கில் தொடங்கிய ஜங்ஹான்ஸ் நிறுவனம் அமெரிக்க முறையைப் பின்பற்றி வளர்ந்தது. மணிக்கூடு செய்தவரின் பிள்ளைகள் ஆலைக்கூலிகளாயினர்.

இங்கேதான் வரலாற்றின் கசப்பான முரண் தென்படுகிறது. குடிசையில் பிறந்த கருவி ஆலைச்சுவரில் ஏறி, குடிசை மக்களையே ஆளத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாளிகள் ஆலை மணிக்கூட்டைக் காலையில் முந்தவும் மாலையில் பிந்தவும் வைத்து நிமிடங்களைத் திருடினர் எனத் தொழிலாளர் முறையிட்டனர். நேரத்தை அறிதலே அங்கு ஒரு வர்க்கப் போராட்டமாயிற்று. 1847இன் பத்து மணிநேரச் சட்டம் நெசவாலைப் பெண்களுக்கும் இளைஞருக்கும் பாதுகாப்பளித்தது. 1886 மே முதலாந் திகதி அமெரிக்கத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலைநாள் கேட்டு எழுந்தனர். முதலாளியின் மணிக்கூட்டைக் கண்டு அஞ்சியவர்கள், அதே மணிக்கூட்டின் முள்ளைக் காட்டித் தம் உரிமையைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று பல நாடுகளில் ஓய்வுநேரப் பட்டறைகளில் மர மணிக்கூடு செய்வோர் உள்ளனர். ஒட்டுப்பலகையில் வரைபடத்தை ஒட்டி, மெல்லிய அரத்தால் பல் பல்லாக அராவி, ஊசல் முதன்முறை தடையின்றி ஆடும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சி பொய்யன்று. தலையும் கையும் ஒன்றாக இயங்கும் உழைப்பில்தான் அம்மகிழ்ச்சி உண்டு. கருங்காட்டு உழவனுக்கு அது வயிற்றுப்பாடு. இவர்களுக்கோ தாமே தேர்ந்த பணி. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஓய்வுநேரமே. அந்த ஓய்வுநேரத்தை எவரும் தானமாக வழங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் போராடிப் பெற்றனர். நம் மாணவர்களுக்குக் கைவினை கற்பிக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்போமாக. உளியைப் பிடிக்கத் தெரிந்த கை, தன் நேரத்தின் பெறுமதியையும் அறிந்திருத்தல் வேண்டும்.