அரிச்சந்திரன் கதையும் காந்தியின் துணிவும்

இளமையிற் கேட்ட கதைகளின் தலைவர்கள் ஒருவனது பிற்காலத் தன்னம்பிக்கையையும் எதிர்த்துநின்று பேசும் ஆற்றலையும் உருவாக்குகின்றனர் என்பது பலரும் எளிதிற் கூறும் கருத்தாகும். அஃது எவ்வாறு நிகழ்கின்றது எனக் காட்டுவது அத்துணை எளிதன்று. தம் பிள்ளைப்பருவத்து நாயகர் யாவர் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்த வரலாற்று மாந்தர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி (1869–1948). அவர் குஜராத்தி மொழியில் எழுதி, 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வெளியிட்ட தன்வரலாறு இவ்வகையிற் சிறந்த சான்றாகின்றது.

அந்நூலில் இரு கதைத்தலைவர்கள் இடம்பெறுகின்றனர். ஒருவன் சிரவணன். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் வைத்துத் தோளிற் சுமந்த அவனது கதையைத் தந்தையார் வாங்கிவைத்திருந்த நாடகநூலிற் சிறுவர் காந்தி படித்தார்; ஊர்ஊராகப் படங்காட்டித் திரிந்தோரிடம் அக்காட்சியைக் கண்டார். மற்றவன் அரிச்சந்திரன். நாடகக் குழுவொன்று நடித்த அரிச்சந்திர நாடகத்தைத் தந்தையாரின் அனுமதியுடன் பார்த்த அவர், அதன்பின் தனிமையில் தாமே அரிச்சந்திரனாகப் பன்முறை நடித்தார். நினைந்து நினைந்து அழுதார். எல்லோரும் ஏன் அவ்வாறு உண்மையாளராக இருத்தலாகாது என்ற வினா அச்சிறுவரை விட்டகலவில்லை. மயான காண்டத்தை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குரலிற் கேட்டு விடியுமட்டும் கண்கலங்கியிருந்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

ஆயின், அரிச்சந்திரனை உள்ளத்திற் சுமந்த அச்சிறுவர் துணிவுடையவராக வளர்ந்தாரா? இல்லை என்பதே விடை. பிற மாணவர் தம்மோடு பேச்சுக் கொடுத்துவிடுவரோ என அஞ்சிப் பாடசாலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடியவர் அவர். 1888இல் இலண்டன் சென்று சட்டம் பயின்ற காலத்திலும் நாணம் நீங்கவில்லை. 1891இல் தாயகம் புறப்படுமுன் நண்பர்க்கு அளித்த விருந்திற்கூட ஆயத்தஞ்செய்த பேச்சைப் பேசமுடியாது, நன்றி கூறி அமர்ந்துவிட்டார். பம்பாயில் முதல் வழக்கிற் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்து நீதிமன்றிலிருந்து விரைந்து வெளியேறினார். கதைத்தலைவர்கள் கூச்சத்தைப் போக்கும் மருந்தெனின் அம்மருந்து இங்கு வேலைசெய்யவில்லை.

எனினும் அதே இலண்டனில் நிகழ்ந்த வேறொன்றை இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். தாவரவுணவுச் சங்கத்திலிருந்து மருத்துவர் அலின்சனை, அவருடைய குடும்பக்கட்டுப்பாட்டுக் கொள்கை காரணமாக, நீக்க முயன்றனர். காந்தி அக்கொள்கையை ஏற்றவரல்லர். ஆயினும் அதற்காக ஒருவரை விலக்குதல் முறையன்றெனக் கருதினார். தம் கருத்தை எழுதிச் சென்றார். அதனை வாசிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவரே வாசித்தார். அவர் சார்ந்த பக்கம் தோற்றது. நா நடுங்கிற்று, நிலைப்பாடு நடுங்கவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1893இல் தென்னாபிரிக்கா சென்றபோது இவ்விரண்டும் ஒன்றுசேரத் தொடங்கின. பீற்றர்மரிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்திற் குளிரில் நடுங்கிய இரவில், ஏற்ற கடமையை முடிக்காது திரும்புதல் கோழைத்தனமென முடிவுசெய்தார். அவ்விரவில் அரிச்சந்திரனை நினைத்தாரென அவர் எழுதவில்லை. நாமும் அவ்வாறு புனைதல் தகாது. ஆனால் சின்னாட்களிற் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் முன் அவர் நிகழ்த்திய பேச்சின் பொருள் வணிகத்தில் வாய்மை. அதனையே தம் முதலாவது பொதுப்பேச்சென அவர் குறிப்பிடுகின்றார். வணிகத்தில் உண்மை செல்லாது என்னும் வழக்கினை அவ்வணிகர் முகத்துக்கு நேரே மறுத்தார். பம்பாயிற் கூலி பெற்று எழுந்தபோது வராத சொல், சிறுவயதில் தம்மை வாட்டிய அதே பொருளைப் பேசப்புகுந்தபோது வந்தது. தன்னால் இயலும் என்ற நம்பிக்கை பொதுவானதொரு பண்பன்று, குறித்த செயலைச் சார்ந்தே அமைவது என உளவியலார் அல்பேட் பண்டுரா 1977இல் எழுதினார். காந்தியின் நாவே அதற்கு எடுத்துக்காட்டு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. ஐம்பத்தாறு வயதில் எழுதப்புகுந்த ஒருவர், தாம் ஆகிவிட்ட நிலையிலிருந்தே தம் பிள்ளைப்பருவத்தை நினைவுகூர்வர். எழுத்துப் பிழையைத் திருத்தப் பக்கத்து மாணவனைப் பார்த்தெழுதுமாறு ஆசிரியர் காலாற் குறிப்புணர்த்தியும், வித்தியாதரிசி முன்னிலையிற் காந்தி அவ்வாறு செய்யவில்லை. அது நாடகம் பார்த்ததன் விளைவென அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. ஒருவேளை, ஏலவே உள்ளத்தில் இருந்த விதைக்கு அரிச்சந்திரன் பெயரும் உருவும் மட்டுமே அளித்திருக்கலாம். அதுவும் சிறிய உதவியன்று. அரிச்சந்திரன் வரலாற்று மனிதன் அல்லன் என அறிவு கூறினும், தமக்கு அவன் உயிருள்ள உண்மையே எனப் பிற்காலத்திலும் அவர் எழுதினார்.

1906 செப்டெம்பர் 11இல் யொகன்னஸ்பேர்க் நகரின் எம்பயர் நாடக அரங்கில் இந்தியர் பெருந்திரளாகக் கூடினர். திரான்சுவால் அரசின் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை எனக் கடவுள்மீது ஆணையிட முன்வந்தபோது, காந்தி எழுந்து ஆணையின் கனத்தை விளக்கினார்: ஏனையோர் அனைவரும் பின்வாங்கினும், ஆணையிட்டவன் தனித்துநின்று அதனைக் காத்தல் வேண்டும் என்றார். சிறுவயதில் அரங்கின்முன் அமர்ந்து கண்டதை, நடுவயதில் அரங்கேறி நின்று கூறினாரெனல் பொருந்தும்.

ஆனால் அரிச்சந்திரன் கதைக்கு இன்னொரு பக்கமுண்டு. மன்னனது வாய்மைக்கு விலையாக விற்கப்பட்டவள் அவன் மனைவி. வடநாட்டார் தாராமதி எனவும் தமிழர் சந்திரமதி எனவும் வழங்கும் அவளது சம்மதத்தைக் கதை பெரிதும் பாராட்டும். தாம் கண்ட உண்மைக்கு வீட்டாரையும் பணியவைக்கும் கடுமை, நாயகனிடமிருந்து இரசிகருக்கும் தொற்றியிருத்தல் கூடும். 1898இல் டேர்பன் நகரத்து வீட்டில், கிறித்தவரான பஞ்சமர் குலத்து எழுத்தரின் சிறுநீர்க் கலத்தை எடுக்கக் கஸ்தூரிபா முகஞ்சுளித்தார். காந்தி அவரைக் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்றார். சாதியருவருப்பை எதிர்த்த வகையிற் கணவரின் கொள்கை நியாயமானதே. அதனை நிலைநாட்டிய கை நியாயமானதன்று. இதனை மறைக்காது எழுதியவரும் அவரே. பெற்றோருஞ் சுற்றமும் இல்லாத நாட்டில் எங்கே போவேன், வெட்கமில்லையா எனக் கஸ்தூரிபா கேட்டார். கணவர் தலைகுனிந்து வாயிற்கதவைச் சாத்தினார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நிகழாத திருமணங்கள் செல்லா எனக் கேப் நீதிமன்று தீர்ப்பளித்தது. பெண்களையும் சிறைசெல்ல அழைப்பதென முடிவாயிற்று. காந்தி ஏனைய பெண்களிடம் பேசினார், மனைவியிடம் கேட்கவில்லை. தம் சொல்லுக்காக மட்டும் அவர் இசைதலாகாது என அஞ்சினார். செய்தியறிந்த கஸ்தூரிபா, சிறைக்குத் தகாத குறை தம்மிடம் என்ன கண்டார் எனத் தாமே வினவினார். செப்டெம்பரில் அவர் ஏனையோருடன் திரான்சுவால் எல்லையைக் கடந்து, மூன்றுமாதக் கடூழியச் சிறை பெற்று, பீற்றர்மரிற்ஸ்பேர்க் சிறையில் அடைக்கப்பட்டார்.