முகனமர்ந்து: ஒரு சொல்லின் சமூகப் பொருள்

கோப்பாய் உள்ளிட்ட யாழ்ப்பாணப் பகுதியில், ஒருவர் மலர்ந்த முகத்துடன் அளவளாவுவதை 'முகங்குடுத்துக் கதைத்தல்' என்பர். முகமும் ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்கும் பொருளாகவே இவ்வழக்கிற் கருதப்படுகின்றது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.

இதற்கு நிகரான இலக்கியச் சொல் 'முகனமர்ந்து' என்பதாகும். அமர்தலுக்கு மேவல், அதாவது விரும்புதல், என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் தருகின்றது. திருக்குறளில் இச்சொல் இருமுறை வருகின்றது. 84ஆம் குறளில் அதற்குரியவன் விருந்தோம்பும் இல்லத்தான். வீடும் விளைபொருளும் உடையவன். 92ஆம் குறளிலோ முகனமர்ந்து இன்சொற் கூறல், மனமுவந்து ஈதலினும் மேலாக வைக்கப்படுகின்றது. உடைமையிலிருந்து இனிய முகம் இங்கு விடுபடுகின்றது. ஈய ஒன்றுமில்லாதவனுக்கும் அது கைகூடும். குறளின் சமூகப் பார்வையை ஆராய்வோர் இவ்வேறுபாட்டிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை என்பது எமது கருத்து.

84ஆம் குறளின் 'நல்விருந்து' என்பதைப் பரிமேலழகர் தகுதியுடைய விருந்தினர் எனக் கொண்டார். அத்தகுதியை அவர் பிறப்பில் வைக்கவில்லை. அறிவிலும் ஒழுக்கத்திலுமே வைத்தார். அவ்வுரையை 1861இல் ஆறுமுக நாவலர் பதிப்பித்தார். வடகோவைச் சபாபதி நாவலரும் அம்மரபினரே. எனினும், அவ்வுரை போற்றப்பட்ட யாழ்ப்பாணச் சமூகத்தில் விருந்தினரின் தகுதியைச் சாதியே தீர்மானித்தது. வேளாளர் நிலவுடைமையும் குடிமை முறையும் இதற்கு அடித்தளமாயின. ஒடுக்கப்பட்டோர் படலைக்கு வெளியே நின்று கையேந்தி நீர் பெற்றனர். தேநீர்க் கடைகளில் அவர்களுக்கு வேறு பாத்திரங்கள் வைக்கப்பட்டன. இன்சொல் அறவே இல்லாமற் போயிற்று என்பதன்று. ஏவல் கேட்பவனிடமும் இன்முகங் காட்டலாம், சமமாக அமர மட்டும் விடுவதில்லை. 1930ஐ அண்டிப் பாடசாலைகளிற் சமாசனம் வற்புறுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, அமரும் இடமே சிக்கல் என்பதைத் தெளிவாக்கியது. (ஆசிரியர்களை உருவாக்கும் கலாசாலையைக் கொண்ட கோப்பாயில் இதனை நினைவுகூர்தல் பொருத்தமே.)

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொதுவிடங்களில் விலக்குதலைக் குற்றமாக்கியது. ஆயினும் தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் வேண்டியது எவரது இன்முகத்தையுமன்று, நுழையும் உரிமையையே. 'முகங்கொடுத்தல்' என்னும் தொடருக்கு இலங்கைத் தமிழில் எதிர்த்து நிற்றல் என்னும் பொருளும் உண்டு.