சாம்பல் எழுதிய சட்டங்கள்

பண்பொழி திருமலைக் குமரன் கோயிலுக்கு மேற்கே அச்சன்கோவில் மலைகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டம். கிழக்கே திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை. பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி வட்டாரம் அந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருவிழா என்றால் விடிய விடிய வெடி போடும் கேரளத்துக் கோயில்கள் சாலையின் மறுமுனையில். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்குப் புற்றிங்கல் வெளியூர்ச் செய்தி அல்ல.

2016 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுமார் மூன்றரை மணி. கொல்லத்தை அடுத்த பரவூரில் புற்றிங்கல் தேவி கோயிலில் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. இரண்டு குழுக்கள் போட்டி போட்டு வெடிக்கும் 'மத்சரக் கம்பம்' அது. போட்டிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது, ஆனாலும் நடந்தது. தீப்பொறி பட்டு, வெடிகளை அடுக்கி வைத்திருந்த 'கம்பப்புரை' என்ற கான்கிரீட் கட்டடம் மொத்தமாக வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முந்நூறு பேருக்கு மேல் காயம். கட்டடத்தின் துண்டுகள் வெகுதூரம் பறந்து விழுந்து, வேடிக்கை பார்க்க வராதவர்களையும் தாக்கின.

இப்படிப்பட்ட இடத்துக்குப் புலனாய்வாளர் வந்து சேரும்போது பாதித் தடயம் அழிந்திருக்கும். உயிரோடு இருப்பவரைத் தேடி இடிபாடுகளைப் புரட்டியிருப்பார்கள், தண்ணீர் பீய்ச்சியிருப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உயிர்தான் முதலில். அதன் பிறகு அவர் செய்யும் முதல் வேலை எல்லை கட்டுவது. வெடித்த பொருளின் துண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசித் துண்டு 200 மீட்டரில் கிடந்தால் 300 மீட்டருக்குக் கயிறு கட்ட வேண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. கண்ணில் படாத துண்டு இன்னும் தள்ளிக் கிடக்கலாம் என்பதால் இந்தக் கணக்கு.

அடுத்தது, வெடித்த மையம் எது என்ற கேள்வி. வளைந்த கம்பி எந்தப் பக்கம் வளைந்தது, தூண் எந்தப் பக்கம் சாய்ந்தது, சுவரின் எந்த முகத்தில் சில்லுகள் குத்தி நிற்கின்றன என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிப்பார்கள். பின்னோக்கிக் கோடு இழுத்தால் அவை ஓர் இடத்தில் வந்து கூடும். சேதத்தின் தன்மையும் பேசும். ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிமருந்து பக்கத்தில் இருக்கும் இரும்பையே கிழித்துச் சிதைக்கும். பட்டாசு மருந்தில் பெரும்பாலானவை உந்தித் தள்ளும். ஆனால் அதையே கான்கிரீட் அறைக்குள் மூட்டை மூட்டையாக அடைத்து வைத்தால், வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, அறையே பெரிய குண்டாகிவிடும்.

மூன்றாவது, என்ன மருந்து என்பது. மையத்து மண், சில்லுகளின் மேல் படிந்த கரி, பஞ்சால் துடைத்தெடுத்த படிவு எல்லாம் தனித்தனிப் பொட்டலங்களாக ஆய்வகம் போகும். கூடவே வெடி படாத, தள்ளியிருக்கும் இடத்து மண்ணும் ஒரு பிடி போகும். பொட்டாசியம் குளோரேட் எரிந்து முடிந்தால் மிஞ்சுவது குளோரைடு. பரவூர் போன்ற கடலோர ஊரில் சும்மா கிடக்கும் மண்ணிலேயே குளோரைடு உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு பிடி மண் இல்லாவிட்டால் ஆய்வாளரின் முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. நல்லவேளையாக, எந்த வெடிப்பிலும் மருந்து முழுவதும் எரிந்து தீர்வதில்லை. எரியாமல் சிதறிய துகள் கிடைத்தால், அடர் கந்தக அமிலத்தோடு அனிலின் சல்பேட் சேர்த்துச் சோதிப்பார்கள். குளோரேட் இருந்தால் நீலம் பூக்கும்.

குளோரேட்டை ஏன் இப்படித் தேடுகிறார்கள்? பழைய கருமருந்தில் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும்தான். வெடியுப்பு ஓரளவு பொறுமையான பொருள். அதன் இடத்தில் பொட்டாசியம் குளோரேட் போட்டால் சத்தம் கூடும், செலவு குறையும், ஆபத்து பலமடங்கு ஏறும். கந்தகத்தோடு சேர்ந்த குளோரேட் லேசான உரசலுக்கே பற்றும். கந்தகத்தில் கொஞ்சம் அமிலமும் காற்றில் கொஞ்சம் ஈரமும் இருந்துவிட்டால், யாரும் தொடாமலே சூடேறித் தானாகவும் பற்றும். புற்றிங்கலில் தடைசெய்யப்பட்ட பொட்டாசியம் குளோரேட் பயன்படுத்தப்பட்டதாக வெடிபொருள் துறை அதிகாரிகள் அப்போது சொன்னார்கள்.

இந்தக் கலவையின் குணம் உலகத்துக்குத் தெரிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1788 அக்டோபரில், பாரிஸ் அருகே எஸோன் வெடிமருந்து ஆலையில், வெடியுப்புக்குப் பதில் குளோரேட் போட்டு மருந்து அரைத்துப் பார்த்தார் வேதியியலாளர் பெர்த்தோலே. லவாய்சியேவும் அவர் மனைவியும் உடன் இருந்தார்கள். அவர்கள் காலை உணவுக்காக நகர்ந்திருந்த நேரத்தில் ஆலை வெடித்தது. பக்கத்தில் நின்ற இருவர் இறந்தார்கள். சிற்றுண்டி கொஞ்சம் தாமதமாகியிருந்தால் நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியேவும் அன்றே போயிருப்பார்.

வெடித்த இடத்தை ஆராய்வதையே முழுநேர வேலையாக்கியவர்களில் முன்னோடி, பிரிட்டனின் முதல் தலைமை வெடிபொருள் ஆய்வாளர் விவியன் மஜெண்டி. 1874 அக்டோபர் 2 அதிகாலையில் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் கால்வாயில் 'டில்பரி' என்ற சரக்குப் படகு வெடித்து அதிலிருந்த மூவர் இறந்தார்கள். படகில் இருந்தது சுமார் ஐந்து டன் வெடிமருந்து. கூடவே பென்சோலின் என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பீப்பாய்கள். கசிந்த ஆவி படகின் அறையிலிருந்த நெருப்பைத் தொட்டதுதான் காரணம் என்று அவர் ஆராய்ந்ததில் தெரிந்தது. வெடிமருந்தையும் எண்ணெயையும் ஒரே படகில் ஏற்றவிட்டது யார் குற்றம்? தடுக்க ஒழுங்கான சட்டமே இல்லை. அடுத்த ஆண்டே, 1875-ல், பிரிட்டனில் வெடிபொருள் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1884-ல் இந்தியாவுக்கும் ஒன்று. 1894-ல் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்தைப் பிரிட்டன் தடைசெய்தது.

இந்தியாவில் அந்தக் கலவையைத் தடைசெய்யும் அறிவிக்கை வந்தது 1992 ஜனவரியில்தான், பிரிட்டனுக்கு 98 ஆண்டுகள் கழித்து. அதற்குள் நடந்தவை பல. நம் தென்காசி, செங்கோட்டை வழியாகவும் பக்தர்கள் போகும் சபரிமலையிலேயே 1952 ஜனவரி 14 அன்று பட்டாசு வெடித்து 68 பேர் இறந்திருக்கிறார்கள். தடை வந்து 24 ஆண்டுகள் ஆன பிறகு புற்றிங்கல். அது நடந்த இரண்டே நாளில், சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை சத்தம் எழுப்பும் வெடிகள் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தீ விபத்துப் புலனாய்வு என்றதும் குற்றவாளியைப் பிடிப்பது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அதன் பெரிய விளைச்சல் வேறு. மருந்தை எவ்வளவு வைக்கலாம், கட்டடத்துக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருக்கும் வரிகளில் பல, எங்கோ ஒருவர் சாம்பலைச் சலித்து எழுதிய அறிக்கையிலிருந்து வந்தவை. புற்றிங்கலுக்குப் பிறகு நீண்ட விசாரணைகள் நடந்தன. ஆனால் அந்த இரவில் உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய உண்மைகளில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாக இல்லை. அனுமதி மறுத்த உத்தரவும் குளோரேட்டுக்கான தடையும் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தன. திருவிழாவுக்கு முந்தைய நாள் பகலில் கம்பப்புரையின் கதவைத் திறந்து மூட்டைகளை எண்ணியிருந்தால், மறுநாள் மண்ணைச் சலிக்கும் வேலையே வந்திருக்காது.

அடுத்த வாரம்: 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். சிதறிக் கிடந்த துணி, கம்பி, பேட்டரித் துண்டுகளிலிருந்து ஒரு வெடிகுண்டு இடுப்புப்பட்டையை மறுபடி உருவாக்கிக் காட்டிய தமிழகத் தடய அறிவியல் ஆய்வகத்தின் கதை.

(தொடரும்)