குச்சிக்கிழங்கில் முளைத்த குதிரைத் தலை

2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது, வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரை தமிழ்நாடு முழுக்க அறிமுகமாகியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்படியொரு பொம்மைத் தலை வேண்டும், கையில் காசு இல்லை என்றால், சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டிப் பக்கம் அந்தத் தலையின் கதை குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் தொடங்கும்.

நட்ட குச்சி எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு தரும். ஆலைக்குப் போய்த் தோல் உரிந்து, அரைபட்டு, பாலாகித் தொட்டியில் தேங்கும். அடியில் ஜவ்வரிசிக்கான மாவு படியும். இரண்டாம் உலகப்போரில் மலேயா ஜவ்வரிசி வராமல் நின்ற காலத்தில், சேலத்து மாணிக்கம் செட்டியார் 1943இல் தொடங்கி வைத்த தொழில் இது. 1981இல் ஜவ்வரிசி ஆலைகளுக்கென சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசியாக உருண்டு வடநாட்டு விரதச் சமையலுக்குப் போவதுதான் கிழங்கின் பெரிய வாழ்க்கை. நமக்கு வேண்டியது உருளாமல் மாவாகவே நின்ற பங்கு.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி விடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை மறைந்து தெளியும்போது இறக்கினால் பசை தயார். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். மூக்கும் வாயும் உள்ளே இருக்கப்போகிற தலைக்கு அந்த விஷம் வேண்டவே வேண்டாம்.

எலும்புக்கூட்டுக்கு மூங்கில் கூடை போதும். அரளி விளைந்து சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஊரில் பழைய கூடைக்கா பஞ்சம்? கவிழ்த்து, முகவாய்க்கு அட்டையை வளைத்துக் கட்டி, செய்தித்தாளை ஒட்ட வேண்டும். கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து படியும். ஒரு சுற்று வழக்கமான தாள், அடுத்த சுற்று இளஞ்சிவப்பு வணிகத் தாள் என்று மாற்றினால், எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு சுற்றும் முழுதாகக் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரம் ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது கண்ணில். குதிரையின் கண் பக்கவாட்டில் இருக்கிறது, போடுகிறவர் கண் நேரே பார்க்கிறது. அதனால் பார்வைக்கான வழி குதிரையின் வாயில்தான். அங்கே கறுப்புக் கொசுவலை ஒட்டினால் உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியிலிருப்பவருக்கு இருட்டு மட்டும் தெரியும். காதுக்குப் பின்னால் துளைகள் விட்டால் சூடு மேலேறிப் போகும். உள்ளே துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தைத்துவிட்டால் தலை ஆடாது. இவ்வளவு செய்தும் சேலத்து வெயிலில் அதிக நேரம் போட்டிருக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவிட ஒரு ஆள் கூடவே நிற்கட்டும்.

ஆண்டு விழாவோடு இந்தத் தலையை மூலையில் போட வேண்டியதில்லை. ஆடியில் சேலம் குகைப் பகுதி மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில் சாமிகளும் அசுரர்களும் வண்டியேறி வரும் மாவட்டம் இது. வேஷத்துக்கு மரியாதை உண்டு. காதைக் குறைத்து, பிடரிக்குச் சணலை ஒட்டினால் குதிரை சிங்கமாகும். அடுத்த வருடம் இன்னொரு சுற்றுத் தாள், கரடி. இப்படி மேலுக்கு மேல் ஒட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கழுத்து வலிக்கும். அப்போது தாளை உரித்துக் குப்பைக் குழியில் போடலாம். கூடை மட்டும் நன்றாக இருந்தால் அடுத்த தலைக்கு ஆகும்.