மகனின் உடலைக் கேட்ட தாய்: ‘ஸூஸூ ஏஞ்சல்’ திரைப்படமும் பிரேசில் வரலாறும்

கொலையை மறைக்க விழையும் ஆட்சி முதலில் மறைப்பது உடலை. உடல் கிடைக்கவில்லையெனில் கொலை மெய்ப்படாது. கொலை மெய்ப்படாவிடில் கொலைஞரும் இலர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னமெரிக்க நாடுகள் பலவற்றை ஆண்ட இராணுவத் தலைமைகள் இக்கணக்கை நம்பியே தம் எதிரிகளைக் காணாமல் ஆக்கின. அக்கணக்கைத் தவறென்று காட்டியவர்களுள் முன்னிற்பவர்கள், பிள்ளையைத் தேடித் தெருவுக்கு வந்த தாய்மார்கள். அத்தாயருள் ஒருவரான பிரேசில் நாட்டு ஆடை வடிவமைப்பாளர் ஸூஸூ ஏஞ்சலின் வாழ்வை 2006ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்று எடுத்துரைக்கிறது. அம்மையாரின் பெயரே படத்தின் பெயருமாகும். செர்ஜியோ ரெஸெண்டே இயக்கிய இப்படத்தில் பத்ரீசியா பிலார் தாயாகவும் டேனியல் டி ஒலிவேரா மகனாகவும் நடித்துள்ளனர். அப்படத்தையும் அதன் பின்னணியாய் அமைந்த வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயனுடையது.

ஆட்கொணர்வு மறுக்கப்பட்ட நாடு

1964ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் பிரேசில் இராணுவம் குடியரசுத் தலைவர் ஜோவாவோ கூலார்ட்டின் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றியது. 1985 வரை, இருபத்தோர் ஆண்டுகள், படைத்தலைவர்களே ஒருவர்பின் ஒருவராக நாட்டை ஆண்டனர். 1968 டிசம்பர் 13ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஐந்தாம் நிறுவன ஆணை அவ்வாட்சியின் கடுமையான காலத்தைத் தொடங்கி வைத்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது, இதழ்களும் கலைகளும் தணிக்கைக்கு உட்பட்டன. அரசியல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு என்னும் பாதுகாப்பு இல்லாது போயிற்று.

இந்த ஒரு செய்தியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பிடித்துச் சென்ற மனிதரை நீதிமன்றத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துக என்று கேட்பதே ஆட்கொணர்வு மனு. அதனை நீக்கிய பின்னர், ‘என் மகன் எங்கே?’ என்று தாய் ஒருத்தி கேட்பதற்குச் சட்டத்தில் இருந்த வாயில் அடைபட்டுவிட்டது. அவ்வாயிலுக்கு வெளியே நின்று கேட்டவர் ஸூஸூ.

தையற்கூடத்திலிருந்து

இவரது இயற்பெயர் சுலைகா டி சோசா நெட்டோ. 1921இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக் குர்வேலோ என்னும் ஊரில் பிறந்தார். அமெரிக்கரான நார்மன் ஏஞ்சல் ஜோன்ஸை மணந்து ஒரு மகனுக்கும் இரு மகள்களுக்கும் தாயானார். மணவாழ்வு முறிந்தபின் ரியோ டி ஜெனீரோவில் தையல் தொழிலால் குடும்பத்தைத் தாங்கினார். பாரிசு நாகரிகத்தைப் படியெடுப்பதே உயர்வென்று பலர் எண்ணியிருந்த காலத்தில், பிரேசில் வடகிழக்கின் சரிகைப் பின்னலையும், எளிய மக்கள் உடுத்திய பூப்போட்ட பருத்தித் துணியையும், சிப்பியையும் மூங்கிலையும் தம் ஆடைகளில் கையாண்டார். நியூயார்க்கின் பெருங்கடைகள் அவற்றை விற்றன. ஜோன் கிராஃபோர்ட், கிம் நோவாக் போன்ற திரைநடிகையர் அவருடைய வாடிக்கையாளர்களாயினர்.

மகன் ஸ்டூவர்ட் பொருளியல் பயின்ற மாணவர். ஃபிளமெங்கோ கழகத்தின் படகோட்ட வீரர். இராணுவ ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ‘அக்டோபர் 8 புரட்சி இயக்க’த்தில் சேர்ந்து தலைமறைவானார். 1971 ஜூன் 14ஆம் நாள் ரியோவில் பிடிபட்டு, கலியாவோ விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கெரில்லாத் தலைவர் கார்லோஸ் லமார்க்காவின் இருப்பிடத்தை அறிவதே அங்கு நடந்த வதையின் நோக்கமாயிருந்தது. ஸ்டூவர்ட் மீளவில்லை. பிடித்ததையே படையினர் ஒப்பவில்லை. தேடப்படும் குற்றவாளி என அவருடைய படம் பொதுவிடங்களில் ஒட்டப்பட்டிருந்தது. ஸூஸூவின் தோழியும் ஆடையழகியுமான எல்கே மரவில்யா விமான நிலையத்தில் அச்சுவரொட்டியைக் கண்டு, கொன்றுவிட்டவனை இன்னும் தேடுகிறீர்களா என்று கூறிக் கிழித்தெறிந்தார். அதற்காகச் சிறைப்பட்டுப் பிரேசில் குடியுரிமையையும் இழந்தார்.

தளத்தில் நடந்ததைத் தாய் அறிந்தது 1972இல். அதே தளத்தில் அடைபட்டிருந்த அலெக்ஸ் போலாரி என்னும் இளைஞர் சிறையிலிருந்து இரகசியமாக அனுப்பிய கடிதம் அது. ஸ்டூவர்ட்டை ஊர்தியில் கட்டித் தளத்தின் முற்றத்தில் இழுத்ததையும், ஊர்தியின் புகைக்குழாயில் அவர் வாயை வைத்து நச்சுப்புகையை உள்ளிழுக்கச் செய்ததையும் அதில் அவர் தெரிவித்திருந்தார். ஸ்டூவர்ட்டின் மனைவி சோனியாவும் 1973 நவம்பரில் படையினரால் கொல்லப்பட்டார்.

துணியே சான்று

பாண்டியன் அவையில் கண்ணகிக்குக் கைச்சிலம்பு சான்றாயிற்று. ஸூஸூவின் கையில் இருந்தவை ஊசியும் நூலும். மகன் காணாமற்போய் மூன்று மாதங்கள் கழிந்த நிலையில், 1971 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆடைக்காட்சி ஒன்றை அவர் நடத்தினார். முன்னர் மலர்களும் பறவைகளும் பொலிந்த ஆடைகளில் இப்போது பீரங்கிகளும், படைத்தொப்பிகளும், கூண்டிலிட்ட பறவைகளும், கம்பிகளுக்குப் பின்னாலுள்ள கதிரவனும், காயமுற்ற தேவதைகளும் இடம்பெற்றன. குழந்தை வரைந்த சித்திரம் போன்ற எளிய கோடுகளில் அவை பின்னப்பட்டிருந்தன. தேவதை என்பது அவருடைய குடும்பப் பெயரின் பொருள். அவரது வணிகச் சின்னமும் அதுவே. அன்றுமுதல் அச்சின்னம் மகனைக் குறிப்பதாயிற்று.

காட்சி நடந்த இடமும் கருதத்தக்கது. அயல்நாட்டில் பிரேசிலை இழித்துரைப்பது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஸூஸூ தம் காட்சியைப் பிரேசில் துணைத்தூதரின் இல்லத்திலேயே நடத்தினார். பிரேசிலுக்கு உரிய இடத்தில் பேசியவரை அயல்மண்ணில் பேசினாரென்று குற்றஞ்சாட்டுதல் எளிதன்று.

அழகு வணிகத்தில் பெற்ற புகழை அவர் மகனைத் தேடும் கருவியாக்கிக்கொண்டார். தந்தைவழியில் ஸ்டூவர்ட்டுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு. அதனை முன்னிட்டு அமெரிக்க அரசியலாளர்களை அணுகினார். செனட்டர் எட்வர்ட் கென்னடி இவ்வழக்கைச் செனட் அவையில் எழுப்பினார். 1976 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சர் பிரேசில் வந்தபோது, காவல்வளையத்தைக் கடந்து தம் ஆவணத் தொகுப்பை அவரிடம் சேர்ப்பித்தார். இவ்வாண்டுகள் முழுவதும் அவர் கேட்டது ஒன்றே: மகனின் உடலைத் தருக, அடக்கம் செய்யவேண்டும்.

அச்சுறுத்தல்கள் வந்தன. தமக்கு விபத்தாலோ வேறு வகையாலோ சாவு நேரின் அது தம் மகனைக் கொன்றவர்களின் செயலே என்று எழுதி, இசைக்கலைஞர் ஷிகோ புவார்க்கியிடம் ஒப்படைத்தார். 1976 ஏப்ரல் 14ஆம் நாள் அதிகாலை, ரியோவின் தோயிஸ் இர்மாவோஸ் சுரங்கப்பாதையின் வாயிலருகே அவர் ஓட்டிய கார் சாலையினின்று சரிந்து வீழ்ந்தது. ஐம்பத்து நான்காம் வயதில் அவர் மாண்டார். ஓட்டியவர் கண்ணயர்ந்ததால் நேர்ந்த விபத்தென்றது அதிகாரிகளின் கூற்று. அச்சுரங்கப்பாதை பின்னாளில் அவர் பெயரையே பெற்றது.

திரையும் வரலாறும்

இயக்குநர் ரெஸெண்டே இக்காலத்தை முதன்முறையாகத் தொட்டவரல்லர். 1994இல் ‘லமார்க்கா’ என்னும் படத்தை எடுத்தவர் அவர். யாருடைய இருப்பிடத்தை அறிய ஸ்டூவர்ட் வதைக்கப்பட்டாரோ அந்தக் கெரில்லாத் தலைவரின் கதை அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அதே காலத்தைத் தாயின் பக்கமிருந்து பார்க்கிறார். இம்மாற்றத்தால் விளைந்த நன்மையும் குறையும் உண்டு.

நன்மையாவது: அரசியலில் ஈடுபாடில்லாத ஒருவர் படிப்படியாக உண்மையை அறியும் முறையில் கதை செல்கிறது. மகனின் வழியை ஏற்காத தாயாகவே படத்தில் ஸூஸூ அறிமுகமாகிறார். உயர்குடிப் பெண்டிருக்கு ஆடை தைப்பவர்; ஆட்சியால் தமக்குத் தீங்கு வருமென எண்ணாதவர். அவர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறியிறங்கி, ஒவ்வொரு மேசையிலும் அதே மறுப்பைக் கேட்கும்போது, கொடுங்கோன்மையின் அன்றாட முகம் வெளிப்படுகிறது. வதைக்கூடத்தில் மட்டுமன்றி, பதிவேட்டைப் புரட்டி ‘அப்படியொரு பெயரில்லை’ என்று சொல்லும் எழுத்தரின் பணிவிலும் அது இருக்கிறது.

குறையாவது: குடும்பத் துயரம் பெருகுமிடத்து அரசியல் காரணங்கள் சுருங்கிவிடுகின்றன. இராணுவ ஆட்சியைத் தாங்கிய வணிகப் பெருங்குடிகளும், அவ்வாண்டுகளின் பொருளாதார வளர்ச்சியைக் காட்டி அமைதியுற்ற நடுத்தர வகுப்பும், வல்லரசின் ஆதரவும் திரையில் நிழலாகவே நிற்கின்றன. படத்தை மட்டும் காண்பவர், ஒருசில தீயோரின் செயலே இது என்று கருதிவிடக்கூடும். மகன் ஏன் அவ்வழியைத் தேர்ந்தார் என்பதும் போதிய அளவு விளக்கம் பெறவில்லை.

இவ்விடத்தில் காலவரிசையை நோக்குதல் நன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 136 பேரை மாண்டவர்களாக ஏற்றது. ஸ்டூவர்ட்டும் அவர்களுள் ஒருவர். சாட்சியங்களையும் வல்லுநர் ஆய்வையும் ஏற்று, 1998இல் அச்சட்டத்தின்வழி அமைந்த ஆணையம், ஸூஸூவின் சாவுக்கு அரசே பொறுப்பென முடிவு செய்தது. அம்முடிவின்மேல் நின்றே 2006ஆம் ஆண்டுப் படம் எழுந்தது. அதற்குப் பின்னர் தேசிய உண்மை ஆணையத்தின்முன் முன்னாள் காவல் அதிகாரி ஒருவர், இராணுவ உளவுத்துறையைச் சார்ந்த அதிகாரி விபத்து நடந்த இடத்தில் இருந்ததை ஒரு புகைப்படத்தில் அடையாளம் காட்டினார். 2014 டிசம்பரில் வெளியான அவ்வாணையத்தின் அறிக்கை கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோருமாக 434 பேரைப் பெயர்சுட்டிப் பதிந்தது. 2019இல், மரணம் அரசால் விளைந்ததெனக் குறிக்கும் இறப்புச் சான்றிதழ் ஸ்டூவர்ட்டின் குடும்பத்துக்குக் கிடைத்தது. தாய் ஒரு தாளில் எழுதி வைத்ததை நாட்டின் ஆவணங்கள் ஒவ்வொன்றாக வந்து மெய்ப்பித்தன.

எனினும் தண்டனை எவருக்கும் இல்லை. 1979ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டம் வதைபட்டவரையும் வதைத்தவரையும் ஒரே தட்டில் வைத்தது. 2010இல் பிரேசில் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லுமென்றது. ஸ்டூவர்ட்டின் உடலும் குடும்பத்தாருக்குக் கிடைக்கவில்லை.

தனித்த குரலும் தொடரும் குரல்களும்

ஸூஸூ மாண்ட ஓராண்டில், 1977 ஏப்ரல் 30ஆம் நாள், அண்டைநாடான அர்ஜென்டினாவின் தலைநகரில் மே சதுக்கத்தில் தாய்மார் பதினால்வர் கூடினர். தலையில் வெள்ளைத்துணி கட்டி வாரந்தோறும் சதுக்கத்தைச் சுற்றிவந்த அவ்வியக்கம் பின்னர் உலகப் புகழ் பெற்றது. அதனைத் தொடங்கியவருள் ஒருவரான அசுசெனா வில்யாஃப்ளோரையும் அவ்வாண்டு டிசம்பரிலேயே இராணுவம் கவர்ந்து சென்று கொன்றது. அவர்கள் கூட்டமாய் நின்றனர்; ஸூஸூவுக்கு அத்தகைய கூட்டம் வாய்க்கவில்லை.

ஸ்டூவர்ட் பிடிபடுவதற்கு ஐந்து மாதம் முன்னர், அதே ரியோ நகரில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபன்ஸ் பைவா படையினரால் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போனார். கணவரின் இறப்புச் சான்றிதழைப் பெற அவர் மனைவி யூனிசி பைவா 1996 வரை காத்திருந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சட்டம் பயின்ற அத்தாயின் கதையை வால்ட்டர் சாலெஸ் 2024இல் படமாக்கினார்; 2025இல் சிறந்த அயல்நாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. யூனிசி 2018 வரை வாழ்ந்தார். ஸூஸூவின் தேடலோ ஐந்தாண்டுகளில் முடித்துவைக்கப்பட்டது.

அவர் தைத்த ஆடைகளை, மகள் ஹில்டெகார்ட் 1993இல் நிறுவிய ஸூஸூ ஏஞ்சல் நிறுவனம் பேணி வருகிறது. படைத்தொப்பிகளும் கூண்டுப் பறவைகளும் பின்னிய அத்துணிகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. பதிவேட்டில் பெயரே இல்லையென்று சொன்ன காலத்தில் தாய் ஒருத்தி இட்ட பதிவுகள் அவை.