அழுகையும் ஒரு நெறி: அந்தமானில் உருவான சமூகக் கோட்பாடு

அந்தமான் தீவுகளின் பழங்குடியினரான கிரேட் அந்தமானியர்களில் பல நாள் பிரிந்திருந்த இருவர் சந்தித்தால், ஒருவர் மடியில் மற்றவர் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் வாய்விட்டு அழுவது வழக்கமாக இருந்தது. கணவன் மனைவி என்றால் மனைவியின் மடியில் கணவன் உட்காருவான். பகை தீர்ந்த இரு கூட்டத்தாரும் இப்படித்தான் அழுதார்கள். மணமக்களின் உறவினரும், துக்கம் கழித்துத் திரும்பியவரும் அவ்வாறே. 1906 முதல் 1908 வரை அந்தமானில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ஏ. ஆர். ரேட்கிளிஃப்-பிரவுன் அதைச் செய்து காட்டும்படி கேட்டபோது, அவர்கள் உடனே உட்கார்ந்து மெய்யான கண்ணீரே வடித்தார்கள்.

துயரமே இல்லாதபோது கண்ணீர் எப்படி வந்தது? இதற்கு அவர் கண்ட விடை 1922இல் ‘அந்தமான் தீவினர்’ என்ற நூலில் வெளிவந்தது. உணர்ச்சி பொங்குவதால் சடங்கு நடக்கிறது என்று கருதுவது எளிது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். உறவு அறுபடும் வேளையிலும் மீண்டும் ஒட்டும் வேளையிலும் சமூகம் தன் உறுப்பினரை அழச் சொல்கிறது. அந்த அழுகை பற்றுணர்வை உயிர்ப்பிக்கிறது. ஒரு வழக்கத்தின் பொருளை, அது கூட்டு வாழ்வைத் தாங்கும் விதத்தில் தேட வேண்டும் என்பதே அவர் கருத்து. தமிழ்நாட்டுச் சாவு வீட்டில் அதுவரை கண் கலங்காமல் இருந்த பெண்கள் புதிதாய் ஒருவர் வாசலில் நுழைந்ததும் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதைப் பொய்யழுகை என்று சொல்வது அறியாமை.

இந்தச் சிந்தனைக்கு வேர் பிரெஞ்சு அறிஞர் எமில் தர்க்கைம். மனிதனுக்கு வெளியே நின்று அவனைக் கட்டுப்படுத்தும் நடைமுறைகளை அவர் 1895இல் ‘சமூக உண்மைகள்’ என்றார். வெளியே இருக்கும் கட்டளை உள்ளே எப்படி இறங்குகிறது என்பதற்கு அந்தமானின் உணவு விலக்கே நல்ல சான்று. பருவமடையும் இளைஞர் ஆமைக்கறியைப் பல காலம் தொடக் கூடாது என்பது விதியாக இருந்தது. விலக்கு நீங்கும் நாளில் அவர் இலைகள்மேல் கால் நீட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார். பெரியவர் ஆமைக்கறியை ஊட்டுவார். இரவிலும் தூங்க விடமாட்டார்கள். உணவு தன்னால் வருவதில்லை, சமூகம் தருவது என்ற பாடம் வயிற்றின் வழியே படிந்தது.

ஆனால் இந்தக் கோட்பாட்டில் பெருங்குறை ஒன்று உண்டு. ஒழுங்காக இயங்கும் உடலைப்போலச் சமூகத்தை விளக்கும் அது, அந்த உடல் வேறொருவர் கையால் சிதைவதைச் சொல்வதில்லை. 1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பு அமைந்தது. 1877இல் தட்டம்மை பரவி அம்மக்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் கிரேட் அந்தமானியர் 625 பேர்; 1911இல் 455. ரேட்கிளிஃப்-பிரவுன் எழுதியது அழிந்துகொண்டிருந்த ஒரு மக்களைப் பற்றி. அவருடைய விளக்கத்தில் வழக்கம் இருக்கிறது, வரலாறு இல்லை. அதிகாரத்தையும் மாற்றத்தையும் முன்னிறுத்திய பிற்கால அறிஞர்கள் இதைச் சுட்டியது நியாயமே.

மாற்றத்தைக் காண லாங் ஐலண்டைப் போன்ற மத்திய அந்தமான் ஊர்களே போதும். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், கரேன்கள், தமிழர்கள், தெலுங்கர்கள் எனப் பல திசையிலிருந்து வந்தவர்கள் வாழும் பகுதி இது. ஊருக்கு ஊர் நெறி வேறாக இருந்தவர்கள் இந்தியைப் பொதுப் பேச்சாக்கிக்கொண்டு, ஒருவர் விழாவில் மற்றவர் கலந்து, புதிய வழக்கங்களை உண்டாக்கினார்கள். தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களான ‘லோக்கல் பார்ன்’ மக்களிடையே சாதி கடந்த திருமணம் நெடுங்காலமாக நடக்கிறது. நெறி என்பது இறுகிய பாறை அன்று. சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் அதை மறுபடி வார்க்கிறது.

ஆனால் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. எஞ்சிய கிரேட் அந்தமானியக் குடும்பங்கள் 1970 வாக்கில், லாங் ஐலண்டுக்குத் தெற்கேயுள்ள ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் ‘போ’ என்ற அவர்களுடைய மொழியை அறிந்த கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார்.